கேரத் பேரி என்றால் ஓசில் மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நடுக்கள ஆட்டக்காரர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஜெரார்டு, லாம்பார்டு, ஸ்கோல்ஸ் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் கேரத் பேரியின் பெயர் வரும் ஒரே இடம், 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் ஓசில் அவரை முந்தி ஓடி ஒரு கோலுக்கு வழிசெய்ததுதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓசில் முந்தினார்தான். ஆனால் பேரிக்கு மே மாதம்தான் கணுக்காலில் அடிபட்டிருந்தது, அமெரிக்காவுடனான முதல் ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை, ஜெர்மனி ஆட்டத்தில் அந்தக் கோலுக்கு முன்பே இங்கிலாந்து 3-1 எனப் பின்தங்கியிருந்தது. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அவர் 1998 மே மாதம் 17 வயதில் ஆஸ்டன் வில்லாவுக்காகப் பிரீமியர் லீக்கில் இறங்கினார். முதலில் தடுப்பாட்டம், அப்புறம் இடது பக்கம், பிறகுதான் நடுக்களம். வில்லாவுக்கு மட்டும் 365 லீக் ஆட்டங்கள். அதன்பின் மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், வெஸ்ட் பிராம் என்று போய் மொத்தம் 653 பிரீமியர் லீக் ஆட்டங்கள். 2017 செப்டம்பரில் ஆர்சனல் மைதானத்தில் 633ஆவது ஆட்டம் ஆடியபோது, பிரீமியர் லீக்கில் அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற ரயன் கிக்ஸின் சாதனையையே தாண்டிவிட்டார். வேகத்தை நம்பி ஆடியிருந்தால் இத்தனை காலம் தாங்கியிருக்காது. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பார், இடது காலால் வாங்கி அலட்டாமல் அடுத்தவருக்குக் கொடுப்பார், அவ்வளவுதான் வெளியே தெரியும்.

2009இல் அவர் சிட்டிக்குப் போனபோது பணத்துக்காகப் போனார் என்று திட்டாதவர்கள் குறைவு. வில்லா ரசிகர்களுக்குத் தன் முடிவை விளக்கி வெளிப்படையாகக் கடிதமே எழுதினார். அங்கே போய் என்ன செய்தார் என்று பாருங்கள்: 2011இல் எஃப்.ஏ. கோப்பை, அது சிட்டிக்கு 35 ஆண்டுகளில் முதல் பெரிய கோப்பை, அடுத்த ஆண்டே 44 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். அந்த அணியில் யாயா தூரே எதிரணி கோல் பக்கம் ஏறிப் போனதையும் சில்வா இஷ்டம்போல் சுற்றித் திரிந்ததையும் எல்லாரும் ரசித்தோம், பந்து பறிபோனால் தடுக்கப் பின்னால் பேரி நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் அவர்களால் அப்படி ஆட முடிந்தது என்பது என் உறுதியான கருத்து. குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடனான கடைசி ஆட்டத்தில் கோல் தேவைப்பட்டதால் அவரை எடுத்துவிட்டு ஜெக்கோவை இறக்கினார்கள், அதனால் பட்டத்தை வென்று தந்த அகுவேரோவின் கோல் விழுந்தபோது பேரி களத்தில் இல்லை, பட்டம் வென்ற அந்த நிமிடக் காட்சிகளிலும் அவர் முகம் இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் 34 லீக் ஆட்டங்கள் ஆடியவர் அவர்!

இங்கிலாந்துக்காகவும் 53 முறை ஆடியிருக்கிறார். அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுதும்போது, ஓசிலின் ஓட்டத்தை விட்டுவிட்டு அவருடைய வில்லா ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்க வாசகன்