பின்வரிசையில் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும்

எங்கள் ஊர் ஓபரா அரங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 'ஓமர்' ஓபராவை எங்கள் ஊருக்குக் கொண்டு வந்ததற்கு முதலில் நன்றி. அடிமையாக விற்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்க அறிஞரின் கதை அது; இசையமைப்பாளர்கள் ரியானன் கிடன்ஸும் மைக்கேல் ஏபல்ஸும் உருவாக்கி, 2022-ல் தென் கரோலினாவின் சார்லஸ்டனில் அரங்கேறி, மறு வருடமே இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கிய படைப்பு. அதன் அருமை உங்களுக்கே தெரியும். நான் எழுதுவது பால்கனி மாடத்துக்கு அடியில் இருக்கும் பின்வரிசைகளைப் பற்றி. இந்தப் புகார் உங்களுக்குப் புதிதல்ல.

மேடைக்கு மேலே திரையில் ஓடும் பாடல் வரிகளை மாடத்தின் அடிப்பகுதி மறைத்துவிடுகிறது. குரல் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. என்னோடு வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய முன்னோர் தென் கரோலினாவின் நெல் வயல்களில் அடிமைகளாக உழைத்தவர்கள். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று காட்சிக்குக் காட்சி என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பாதிக்கு மேல் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

ஓமர் இப்ன் சயீத் யார்? 1807-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, சார்லஸ்டனில் அடிமையாக விற்கப்பட்ட அறிஞர். தப்பி ஓடிப் பிடிபட்டு, வட கரோலினாவின் ஃபயெட்வில் சிறைச்சுவரில் அரபியில் எழுதியவர். 1831-ல் தன் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதினார். எல்லாவற்றையும் பறித்தவர்களால் அவருடைய எழுத்தை மட்டும் பறிக்க முடியவில்லை. அவர் கதையை வாசிக்க முடியாத இடத்தில் உட்காரவைப்பது எந்த விதத்தில் நியாயம்?

இடைவேளையில் ஊழியரிடம் கேட்டோம். பார்வை மறையும் இருக்கை என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே என்றார். போட்டுவிட்டால் போதுமா? தேவாலயம் தேவாலயமாகப் போய், இது உங்கள் கதை, வாருங்கள் என்று அழைத்தது நீங்கள்தானே? வந்தவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது அந்த வரிசைகள்தான். நல்ல இருக்கைகள் நன்கொடையாளர்களுக்குப் போய்விடுகின்றன. ஒவ்வொரு வருடமும் இதே கதைதான், கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் மட்டும் கறுப்பினத்தவரான எங்கள் நினைவு வருகிறது.

சரி, கோபத்தை விட்டுக் கேட்கிறேன். பின்வரிசைகளில் இருப்பவர்களும் வாசிக்க வழி செய்யுங்கள். மாடத்தின் அடியில் இரண்டு சிறு திரைகள் தொங்கவிட்டாலே போதும். அதற்கு நாளாகும் என்றால், மீதமுள்ள காட்சிகளுக்காவது, உரிய அனுமதி பெற்று, பாடல் வரிகளை அச்சடித்து வாசலில் கொடுங்கள். விளக்கு அணையும் முன் வாசித்துக்கொள்கிறோம். எதைச் செய்யப் போகிறீர்கள் என்று அடுத்த காட்சிக்கு முன் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பின்வரிசை ரசிகன்