சேல்ஸா, எச்.ஆரா?

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போடத்தான் நினைத்தேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். சீரியலில் யார் கட்டிய புடவைக்கு என்ன பார்டர் என்று எனக்கே சொல்கிறார்.

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். சேல்ஸா, ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதவளப் பிரிவான எச்.ஆரா என்று கம்பெனி அவளையே கேட்டிருக்கிறது. உன் வீட்டுக்காரர் எச்.ஆர். போதும், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்கிறார். எம்.பி.ஏ. படித்துவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சோப்பு விற்பதா என்று நீயும் கேட்கிறாய். போகட்டும் சாந்தா, விற்கட்டும்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் சேல்ஸ்மேனோடு லைன், அதாவது கடை கடையாக ஆர்டர் எடுக்க, போன காலத்தில் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். கேள்வி கேட்பது நான். பதில் என் பின்னால் நிற்கும் சேல்ஸ்மேனுக்குப் போகும். ஒரு கடையில் எலி கடித்த சோப்புப் பெட்டிகள் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தன. டேமேஜ் சரக்கை யாரும் திருப்பி எடுக்கவில்லை என்று கடைக்காரருக்குக் கோபம். கல்லா மேஜையிலேயே வைத்து கிளெய்ம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த பில்லில் கழித்துக் கொடுக்கச் செய்தேன். அதற்கடுத்த தடவை போனபோது, “மேடத்துக்கு ஸ்டூல் போடுறா” என்று பையனுக்குக் குரல் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, சொல்லப்போனால், கழிப்பறை. காலையில் இறங்கினால் இருட்டும்வரை கடைவீதிதான், எங்கே போவது? தண்ணீர் குடிக்காமலே பழகினேன். கம்பெனிச் சரக்கை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஸ்டாக்கிஸ்டின் வீடு குடோனுக்குப் பின்னாலேயே இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஒன்று சொல்ல வேண்டும்: ஆபீசில் காசு கொடுத்து வாங்கிய சர்வேக்களைவிட அந்த வீட்டு அம்மாக்களிடம் நான் கற்றது அதிகம். எந்தப் பவுடர் கையை எரிக்கிறது, எது நுரைத்தும் அழுக்குப் போகவில்லை, ஒரு ஷாம்பு பாக்கெட்டை எத்தனை தலைக்குப் பங்கு போடுகிறார்கள், எல்லாம் அடுப்படியிலேயே தெரிந்துவிடும். ஆண் மேனேஜர்கள் அந்த நடையைத் தாண்டி உள்ளே போனதில்லை.

இவ்வளவு கஷ்டத்துக்கும் ஏன் போகச் சொல்கிறேன் என்றால், சேல்ஸில் ஒரு கணக்கு உன் பெயரில் நிற்கும். மாதக் கடைசியில் இந்த ஏரியா இவ்வளவு என்று ஒரு எண் வரும். பிரமோஷன் பேச்சு வந்து, இந்தப் பெண்ணால் முடியுமா என்று எவனாவது இழுத்தால், அந்த எண் பதில் சொல்லும். மற்ற வேலைகளில் நீ எவ்வளவு உழைத்தாலும் அதை இன்னொருவர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

பிரியா நாயரையே எடுத்துக்கொள். 1995-ல் ஹிந்துஸ்தான் லீவரில், அதாவது இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர் சோப்புக் கம்பெனியில், டிரெய்னி. துணி துவைக்கும் பொருட்களில் உழைத்து, ஹோம் கேர் பிரிவு முழுவதையும் நடத்தி, பிறகு அழகுப் பொருட்கள் பிரிவு, லண்டன். போன வருடம், அதாவது 2025 ஆகஸ்டில், அந்தக் கம்பெனிக்கே சி.இ.ஓ. ஆனார். 1933-ல் தொடங்கிய கம்பெனி. அதுவரை அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. வாங்குவது பாதிக்குமேல் பெண்கள்தான் என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்வார்கள், அதை நினைத்துக்கொள்.

அப்படியானால் லீனா நாயர் எச்.ஆரில் இருந்துதானே வந்தார் என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிர்வாகக் கல்லூரி முடித்து 1992-ல் அதே கம்பெனியில் சேர்ந்தவர், 2016-ல் தாய்க் கம்பெனியான உலக யூனிலீவருக்கே மனிதவளத் தலைவர், 2022 ஜனவரியில் ஷனெல் என்ற ஃபேஷன் கம்பெனிக்கு சி.இ.ஓ. எல்லாம் சரி. ஆனால் ஆரம்பத்தில் அவரை எங்கே போட்டார்கள்? தொழிற்சாலையில். நம் அம்பத்தூரும் அதில் ஒன்று. அங்கே எச்.ஆர். என்றால் யூனியனோடு கூலி ஒப்பந்தம், ஷிஃப்டுத் தகராறு, கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை என்ற பஞ்சாயத்து. ராத்திரி ஏழு மணிக்கு மேல் பெண்களை ஆலை வேலைக்கு வைக்கவே கூடாது என்று தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த காலம் அது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை 2000-ல்தான் ரத்து செய்தது. உன் வீட்டுக்காரர் சொல்லும் ஏ.சி. ரூம் எச்.ஆர். வேறு.

நீ இந்திரா நூயியின் பால் கதையை எழுதியிருந்தாய். பெப்சிகோ பிரசிடென்ட் ஆகப் போகிற செய்தியோடு ராத்திரி வீட்டுக்கு வந்தவரை, முதலில் பால் வாங்கி வா, கிரீடத்தை கராஜில் விட்டுவிட்டு வா என்று அம்மா சொன்ன கதை. அடக்கத்துக்கு உதாரணம் என்று மகளிர் தினக் கூட்டங்களில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அவருடைய கணவர் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். அவரை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால், களைத்திருந்தார் என்றார்களாம்! அதில் அடக்கம் எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் ஸ்டேஃப்ரீ சானிட்டரி நாப்கினைக் கொண்டுவந்த கட்டம். எழுபதுகளின் கடைசி. அதற்கெல்லாம் விளம்பரம் செய்யவே முடியாது. நேராகப் பெண்கள் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசி விற்றார்கள். நாம் படித்தபோதே கடைக்காரர் அதை நியூஸ்பேப்பரில் சுற்றி, சணல் கட்டி, யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் நீட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? மற்றபடி பெப்சிகோவில் அவர் ஏறிய படி வேறு. 1994-ல் திட்டமிடல் பிரிவில் சேர்ந்தார், 2001-ல் நிதிப் பொறுப்போடு பிரசிடென்ட், 2006-ல் சி.இ.ஓ. ஆனால் டிராபிகானா ஜூஸ் கம்பெனியை 330 கோடி டாலருக்கும் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியை 1,300 கோடி டாலருக்கு மேலும் கொடுத்து வாங்கியதில் அவர் கை இருந்தது. தப்பாகப் போயிருந்தால் பழியும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அந்த அளவில் அதுவும் பெயர் போட்ட கணக்குதான்.

கல்யாணம், குழந்தை என்று நீ பயப்படுவது நியாயம். எனக்குக் கிடைத்தது 12 வார லீவு. 2017 சட்டத்துக்குப் பிறகு 26 வாரம். ஆனால் நான் கவனித்தவரை பெண்கள் சறுக்குவது லீவில் இல்லை, திரும்பி வந்த பிறகு. குழந்தை இருக்கிறதே, அலையாதே என்று ஹெட் ஆபீசில் டிரெய்னிங், கோஆர்டினேஷன் என்று ஒரு சீட் கொடுப்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஏரியா வேறொருவன் கைக்குப் போய்விடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. ரீஜனல் மேனேஜர் இடம் காலியானபோது, ‘ஃபீல்டை விட்டு நாளாச்சே’ என்றார்கள். என்னை ஃபீல்டிலிருந்து எடுத்தவரும் அந்த மேஜையில் இருந்தார். உன் மகளுக்கு அந்த நாள் வரும்போது சின்ன ஏரியாவாகக் கேட்கட்டும், வீட்டுக்குப் பக்கத்தில் கேட்கட்டும், ஆனால் ஏரியாவை விடக் கூடாது. இதை இப்போதே அவள் காதில் போட்டுவை.

அப்புறம், ஆஃபரில் கையெழுத்துப் போடுமுன் அவள் எச்.ஆரிடம் தெளிவாகக் கேட்க வேண்டும்: டிரெய்னிங் முடிந்ததும் சொந்த ஏரியாவும் டார்கெட்டும் எப்போது வரும், வெளியூரில் தங்க எந்த மாதிரி ஓட்டல் கொடுப்பார்கள், சம்பளத்தில் எவ்வளவு வேரியபிள், அதாவது டார்கெட்டைப் பொறுத்து மாறும் பங்கு, என்று. சி.டி.சி. என்று கம்பெனி எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும் வருடத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். டார்கெட் முடியாத மாதம் கையில் வருவது வேறு. கடிதத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பச் சொல், படித்துப் பார்க்கிறேன். உன் வீட்டுக்காரரிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன். கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு.

அன்புடன்,
கலா