புதிய எரிபொருள் கப்பல்களின் பல்லாஸ்ட் டேங்குகள் குறித்து ஒரு திறந்த மடல்

கடற்படைத் தலைமையகத்தாருக்கும் விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தாருக்கும்,

வணக்கம். 2023 ஆகஸ்டில் ஒப்பந்தமாகி, 2024 ஏப்ரலில் முதல் தகடு வெட்டப்பட்ட, நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் துணைக் கப்பல்கள் ஐந்து. ஒவ்வொன்றும் சுமார் 44,000 டன். 1996இல் கடற்படையில் சேர்ந்த எரிபொருள் கப்பல் ஐ.என்.எஸ். ஜோதி, 2011இல் சேர்ந்த தீபக், சக்தி ஆகியவற்றின் சுமையை இவை தாங்க வேண்டும். இவை முப்பது ஆண்டு உழைக்குமா என்பதை, கப்பலின் நிலைப்புக்காகக் கடல்நீர் ஏற்றும் பல்லாஸ்ட் டேங்குகளே தீர்மானிக்கும். பழுதான இயந்திரத்தை மாற்றிவிடலாம். டேங்க் முழுக்கத் துருவேறினால், தகடு மாற்றும் செலவே கப்பலை ஓய்வுக்குத் தள்ளிவிடும்.

எண்ணெய் கொடுக்கக் கொடுக்கக் கப்பல் இலேசாகும். ஈடுகட்டக் கடல்நீர் ஏற்றுவார்கள். துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பும்போது அந்த நீர் வெளியேறும். மாறி மாறி நனைந்து காயும் தகடு வேகமாக அரிக்கப்படும். இரும்புக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகக் கட்டிகள், நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் தகட்டைக் காக்கும். நீர் எட்டாத டேங்க் கூரையின் அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் மட்டுமே காவல்.

அந்தப் பெயின்ட் முதலில் தோற்பது விளிம்புகளில். கூரான விளிம்பில் ஈரப் பெயின்ட் இழுபட்டு மெலிந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். ஆகவே விளிம்புகளை 2 மி.மீ. ஆரத்துக்கு மழுக்குங்கள். துரு ஏறக்குறைய முழுதும் நீங்கும் எஸ்.ஏ. 2½ தரத்துக்குக் கிரிட் பிளாஸ்டிங் (கூர்மணிகளை வேகமாக வீசித் தகட்டைச் சுத்தம் செய்தல்) செய்து, படிந்த உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்று சோதியுங்கள். வெல்டிங் மூட்டுகளுக்கும் விளிம்புகளுக்கும் இரண்டு ஸ்ட்ரைப் கோட் (அந்த இடங்களுக்கு மட்டும் தனியாக அடிக்கும் பூச்சு) அடித்து, காய்ந்த எபாக்சிப் பெயின்ட்டின் மொத்தத் தடிமன் 320 மைக்ரான் வரச் செய்யுங்கள். 15 ஆண்டு தாங்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. வணிகக் கப்பல்களுக்கு வைத்த அளவுகள் இவை. கடற்படைக் கப்பலுக்கு அந்த விதி கட்டாயமில்லை என்பதைச் சாக்காக்காதீர்கள். நெருக்கடியான கட்டுமான அட்டவணையில் முதலில் வெட்டுப்படுவது பெயின்ட் நாட்களே.

கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் கொடுக்கும் ரிக்கையும் (வயர், கப்பி, குழாய் அடங்கிய அமைப்பு) இப்படியே கவனிக்க வேண்டும். இரு கப்பல்களும் அருகருகே ஓட, அலைக்கேற்ப, எண்ணெய்க் குழாயைத் தாங்கி இரண்டுக்கும் இடையே நிற்கும் ஸ்பான் வயர் ஓயாமல் கப்பிகளில் வளைந்து நிமிர்கிறது. உள்ளிழைகள் அறுவது வெளியே தெரியாது. ஓடிய மணிக்கணக்கை வைத்து வயரை மாற்றுங்கள். மாற்றும்போது கப்பிப் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். தேய்ந்த பள்ளம் புது வயரையும் விரைவில் தின்றுவிடும்.

ஒவ்வொரு கப்பலையும் ஒப்படைக்கும் நாளிலேயே, டேங்க் தகடுகளின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து ஏட்டில் ஏற்றுங்கள். தொடக்க அளவு இல்லாமல் அரிப்பு வேகத்தைக் கணக்கிட முடியாது. கப்பல்கள் குறைவு என்பதற்காக டிரை டாக் (நீர் வற்றிய தளத்தில் பழுதுபார்க்கும்) தேதியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பொட்டுத் துருவாக இருக்கும்போது தூரிகையால் முடியும் வேலை, தள்ளிப்போட்டால் கட்டிங் டார்ச் கேட்கும்.

இப்படிக்கு,
கப்பல் பராமரிப்புப் பொறியாளர்கள்