இரண்டு பயணத்தை ஒன்றாக்கு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முட்டி வலி குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை, ஆனாலும் சந்தோஷம்.

சிங்கப்பூரில் நடக்கும் எஃப் 1 இரவுக் கார்ப் பந்தயத்துக்கு வர விமான டிக்கெட் போடும்போது, பறப்பதால் வெளியாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக இன்னும் கொஞ்சம் பணம் கட்டுகிறீர்களா என்று திரையில் கேட்டதாம். கட்டவா, விடவா என்கிறாய்.

போன வருஷம் ஒரு மாரத்தானில் தண்ணீர் மேசையில் தொண்டூழியம் செய்தேன். விடிந்து பார்த்தால் சாலை முழுக்கக் காகிதக் கோப்பைகள். பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடிந்தது, வயிறும் எரிந்தது. அதற்கப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கண்ணில் படும் குப்பை சின்ன விஷயமாம்!

எஃப் 1 நிர்வாகமே தன் பந்தயங்களால் 2018ஆம் ஆண்டில் வெளியான கரியமில வாயுவின் கணக்கை வெளியிட்டிருக்கிறது. மொத்தம் சுமார் 2,56,000 டன். அதில் கார்கள் எரிக்கும் எரிபொருளின் பங்கு வெறும் 0.7 விழுக்காடு. சாமான்களை நாடு நாடாகச் சுமந்து போவது 45, ஆட்களின் பயணம் ஏறக்குறைய 28. உன்னைப் போல ரசிகர்கள் பறந்து வருவது அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. சிங்கப்பூர்ப் பந்தயம் ஓடும் மரினா பே தடத்தில் எல்இடி விளக்கு போட்டதெல்லாம் நல்லதுதான், யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2024இல் ஜப்பான் பந்தயத்தை ஏப்ரலுக்குத் தள்ளி, அஜர்பைஜானைச் சிங்கப்பூருக்கு முந்தின வாரம் வைத்து, சாமான்கள் வீணாக அலைவதைக் குறைத்தார்களே, அதுதான் கொஞ்சம் உருப்படியான வேலை.

ஈடு கட்டும் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம். நாம் விரதம் இருக்காமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு கொடுத்துத் தீ மிதிக்கச் சொன்னால் புண்ணியம் யாருக்கு? 2022 கத்தார் உலகக் கிண்ணக் கால்பந்தைக் கார்பன் சுமையே இல்லாத போட்டி என்று விளம்பரம் செய்தார்கள். மறு வருஷமே சுவிட்சர்லாந்தின் விளம்பரக் கண்காணிப்புக் குழு, அதற்குத் தக்க ஆதாரமில்லை என்றுவிட்டது. இங்கே சிங்கப்பூரில்கூட, வெளியிடும் வாயுவுக்குக் கரிம வரி கட்டும் ஆலைகள், வெளிநாட்டில் வாங்கிய ஈட்டைக் காட்டி அந்த வாயுக் கணக்கில் 5 விழுக்காடு வரைதான் கழிக்க முடியும். மிச்சத்துக்குச் சிங்கப்பூர் வெள்ளியை எண்ணி வைத்தாக வேண்டும்.

நீ கட்டினால் கட்டு, எங்கோ நாலு மரம் வளரட்டும். ஆனால் மூன்று நாளுக்கு வந்துவிட்டுத் திருச்சிக்கு ஓடிப்போய், தீபாவளிக்கு இங்கே மகள் வீட்டுக்கு என்று மறுபடி பறக்காதே. பந்தயத்துக்கு வா, தீபாவளி முடிந்து போ. மகளிடம் நான் பேசுகிறேன். மருமகனை நீ பார்த்துக்கொள்.

காலாங் பழைய விளையாட்டரங்கை இடித்தபோது எடுத்த இருக்கைப் பலகைகளில் சிலவற்றைப் பெஞ்சுகளாகச் செய்து போட்டிருக்கிறார்கள். மலேசியக் கிண்ணக் கால்பந்து ஆட்டத்தில் நாம் ஏறிக் குதித்த பலகையாகவும் இருக்கலாம். ஒருநாள் சாயங்காலம் தேடிப் பிடித்து உட்காருவோம். முட்டி நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று அப்போது தெரிந்துவிடும்.

மணப்பாறை முறுக்கு மறக்காதே. அதன் கனத்துக்கான ஈட்டை நான் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
மணி