இன்னும் இரண்டே இரண்டு அவுட்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், இந்தப் பனியிலும் சப்பாத்துகளை வாசலில் அடுக்கிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

2025 மார்ச் தொடக்கம் 2026 பெப்ரவரி வரையான காலத்துக்குரிய அறிக்கை இது. யாப்பின்படி அங்கத்துவம், நிகழ்வுகள், கணக்கு, வரும் ஆண்டுத் திட்டம் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு வாக்கெடுப்புக்கு வரும் விடயம் ஒன்றுதான். வரும் சீசனில் எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் எத்தனை ஆட்டங்களுக்குச் சங்கக் காசில் முன்கூட்டியே ரிக்கெற் எடுத்து வைப்பது? பொருளாளர் ஒன்று என்கிறார். மாஸ்டர் ஐந்து என்கிறார். இந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் நவம்பரிலிருந்து லிஃப்டிலும், பஸ் தரிப்பிடத்திலும், கோயில் அன்னதான வரிசையிலும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பிலிருந்து ஒரு வரி. 2024 இல் எங்கள் அணி 74 வெற்றி, 88 தோல்வியோடு பிரிவில் கடைசியாக வந்தது. அந்த மனநிலையில் கூடிய கூட்டத்தில் "இந்த முறை பிளேஓஃப் போவோமா?" என்று, சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் சுற்றுகளைப் பற்றித் தலைவர் கேட்டபோது மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று தேத்தண்ணி கேட்டு உயர்ந்த கை. இப்போது எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார்கள். குறிப்புப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம்.

இவ்வாண்டு புதிதாக ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேரும் ஒக்டோபரில்தான் வந்தார்கள் என்பதைப் பொருளாளர் குறிப்பிடச் சொன்னார்.

இழப்பு ஒன்று. எங்கள் ஆரம்பகால அங்கத்தவர், 14ஆம் மாடி ஐயா, ஓகஸ்டில் காலமானார். 1993 ஒக்டோபர் 23 அன்று அவர் நகர மத்தியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். திடீரென்று சமையற்காரர் முதல் மனேஜர் வரை எல்லோரும் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓட, எங்கேயோ நெருப்புப் பற்றிவிட்டது என்று இவரும் நனைந்த ஏப்ரனோடு பின்னால் ஓடினார். வெளியே யாரோ முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கட்டிப்பிடித்து அழுதாராம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜோ கார்ட்டர் பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னால் பிலடெல்பியாவை வென்று, தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக ரொறன்ரோ பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை எடுத்திருக்கிறது என்பது அடுத்த நாள் பேப்பர் பார்த்துத்தான் ஐயாவுக்குத் தெரிந்தது. இந்தக் கதையை அவர் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் சொல்லுவார். கிழவருடைய வயது மட்டும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். இன்று சொல்ல அவர் இல்லாததால் நான் சொன்னேன். அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்.

நிகழ்வுகள். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குக் கூட்டமாகப் போனோம். செவ்வாய் என்றால் ஹொட் டோக் ஒரு டொலர் என்பதால் பொருளாளரே தெரிவு செய்த நாள் அது. மரக்கறிக்காரர் பதினொரு பேர் இருப்பதை அவர் யோசிக்கவில்லை. அவர்களுக்கு வெறும் பாணில் கடுகுச் சோஸ் பூசிக் கொடுத்ததைப் பற்றி எழுத்துமூல முறைப்பாடு ஒன்று வந்து, கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. ஸ்காபரோ ரயில் 2023 இல் நின்றுபோனதிலிருந்து பஸ்ஸில் கென்னடி நிலையம் வரை போய், பிறகு சுரங்க ரயிலில் மாறி மாறிப் போகவேண்டியிருப்பதால், முழங்கால் நோ உள்ளவர்களை இனி காரில் கூட்டிப்போவது என்று முடிவாகியது.

ஒக்டோபருக்கு வருவோம். 94 வெற்றிகளோடு நாங்களும் நியூயோர்க் யாங்கீஸும் சமன். எங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் நாங்கள் 8–5 என்று முன்னுக்கு நின்றதால் பிரிவு எங்களுடையது. பிறகு பிளேஓஃபில் அதே யாங்கீஸை 3–1 என்ற ஆட்டக் கணக்கில் வீட்டுக்கு அனுப்பினோம். உலகத் தொடருக்கு முந்திய சுற்றில் சியாட்டிலுடன் முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த மைதானத்திலேயே தோற்றபோது, ஒன்பது புது அங்கத்தவர்களில் இருவர் சந்தாவைத் திருப்பித் தரமுடியுமா என்று விசாரித்தார்கள். ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், 3–1 என்று பின்னால் நின்றபோது, ஜோர்ஜ் ஸ்ப்ரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். அந்த விசாரணை அத்தோடு நின்றது.

உலகத் தொடரில் எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ், மூன்றாவது ஆட்டம் அவர்கள் ஊரில். எங்கள் கட்டிடத்தின் பொது மண்டபத்தை 11 மணிக்குப் பூட்டவேண்டும் என்பது நிர்வாகத்தின் சட்டம். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போதே காவலாளி திறப்பைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆட்டத்தை எழும்பாமல் பார்க்க அவருக்கும் விருப்பம்தான், ஆனால் வேலை. எனவே சபை தலைவருடைய வீட்டுக்கு இடம் மாறியது. ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம் சமநிலையால் நீண்டது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் பதினாறு பேர். பதினைந்தாவதில் ஏழு பேர். தலைவரின் துணைவியார் ஒரு மணிக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்தார், இரண்டு மணிக்குப் போர்வை தந்தார். 18ஆவது இன்னிங்ஸில், எங்கள் நேரப்படி 2.50 அளவில், பிரெடி பிரீமன் அடித்த பந்து வேலிக்கு அப்பால் விழுந்தபோது நான்கு பேர் விழித்திருந்தோம். ஆறு மணித்தியாலம் 39 நிமிடம். அறைக்குள்ளிருந்து துணைவியார் கேட்டார்: "முடிஞ்சுதே?"

"ஓம், முடிஞ்சுது."

"வெண்டதே?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. "சரி, கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்றார். எங்களில் ஒருவருக்கு ஐந்து மணிக்கு வேலை. அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் எடுத்தார்.

ஏழாவது ஆட்டம், நவம்பர் 1, சனிக்கிழமை. மண்டபத்துக்கு ஒரு மணி வரை விசேட அனுமதி எடுத்திருந்தோம். கதிரை போதாமல் பிள்ளைகள் நிலத்தில். மூன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ஓடானி வீசிய பந்தில் எங்கள் போ பிஷெட் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தபோது கீழ்மாடிக்காரர் முறைப்பாட்டுக்கு வந்து, தானும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். ஒன்பதாவது இன்னிங்ஸ், நாங்கள் 4–3 என்று முன்னுக்கு, டொட்ஜர்ஸில் ஒரு அவுட் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு. எங்கள் பொருளாளர் மாலை கட்டுகிறவர் போல இரண்டு விரலை விரித்துப் பிடித்தபடி நின்றார். எங்கள் ஹொஃப்மன் வீசுகிறார். துடுப்போடு நிற்பவர் மிகேல் ரோஹாஸ், அடித்து விளாசுவதற்கு அல்ல, களத்தடுப்புக்காக அணியில் இருப்பவர். பந்து இடதுபக்க வேலியைத் தாண்டியது, 4–4. பொருளாளரின் இரண்டு விரலும் அப்படியே நின்றன. பற்றிஸ் தட்டு ஒன்று கைமாறும்போது இடையில் நின்றுபோய், அதை வாங்கவும் ஆளில்லை, வைக்கவும் ஆளில்லை.

வெண்ணெய் திரண்டுவரத் தாழி உடைந்த கதை என்று அன்றிரவு ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருமுறை பதிந்தால் போதும் என்று நினைக்கிறேன். 11ஆவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், பிறகு எங்கள் பக்கம், ஓட்டத்துக்குக் கடைசிப் படியான மூன்றாம் பேஸில் ஆள் நிற்க, கெர்க் அடித்த பந்து ஒரே அடியில் இருவர் போகும் இரட்டை அவுட்டில் போய் 5–4 என்று முடிந்தது. போதாக்குறைக்கு அன்றிரவுதான் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற இரவு. படுக்கப்போன எல்லோருக்கும் புரண்டு படுக்க அறுபது நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில், மூன்றாம் பேஸில் நின்ற எங்கள் கைனர்-ஃபலேஃபா, வெற்றி ஓட்டத்துக்காக ஓடி வந்து ஹோம் பேஸில் விரற்கடை வித்தியாசத்தில் அவுட் ஆனது பற்றிச் சங்கத்தில் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. அவர் ஏன் பேஸை ஒட்டியே நின்றார்? "பந்து போட முதலே இரண்டு அடி முன்னுக்கு நிற்கவேணும் என்று மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்துப் பெடியனுக்கும் தெரியும்" என்கிறார்கள் கிரிக்கெட் ஆடியவர்கள். அடித்த பந்து நேரே களத்தடுப்பாளர் கையில் போனால் திரும்பி வர நேரமில்லாமல் இரட்டை அவுட் ஆகும், அந்தப் பயத்தில்தான் ஒட்டி நிற்கச் சொன்னார்கள் என்பது மற்றப் பக்கம். மூன்று கூட்டங்களில் இது நிகழ்ச்சிநிரலில் இல்லாமலே வந்தது. இனிமேல் வந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று நிர்வாகசபை தீர்மானித்துள்ளது.

சரி, இனி வரும் சீசன். இதில் சங்கம் இரண்டு கட்சி. மாஸ்டர் தலைமையில் கன்சாஸ் சிட்டிக் கட்சி. 2014 இல் கன்சாஸ் சிட்டி எங்களைப் போலவே ஏழாவது ஆட்டத்தில், சமன் செய்யும் ஓட்டம் மூன்றாம் பேஸில் நிற்கத் தோற்றது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து உலகத் தொடரை வென்றது. போகிற வழியில் அது வீழ்த்தியது எங்களைத்தான் என்பதை மாஸ்டர் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். பொருளாளர் தலைமையில் கிளீவ்லண்ட் கட்சி. 2016 உலகத் தொடரில் கிளீவ்லண்ட் அணி 3–1 என்று முன்னணியில் இருந்து, ஏழாவது ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் விட்டார்கள். 2017 இல் 102 வெற்றி, அதில் தொடர்ச்சியாக 22. அவ்வளவும் செய்து முதல் சுற்றிலேயே யாங்கீஸிடம் வெளியே. "102 வெற்றிக்கும் ரிக்கெற் வாங்கியிருந்தால் எவ்வளவு?" என்று கேட்கிறார் பொருளாளர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

பிஷெட் போய்விட்டார். நியூயோர்க் மெற்ஸ் மூன்று ஆண்டுக்கு 126 மில்லியன் டொலர் கொடுத்தது. எங்கள் பிள்ளைகள் அவரும் குரேரோவும் சேர்ந்து வளர்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள். 9ஆம் மாடி அக்காவின் மகள் அவருடைய பெயர் போட்ட சட்டையை இப்போது உள்ளே திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். மொன்றியலில் பிறந்த குரேரோ இருக்கிறார், 14 ஆண்டு, 500 மில்லியன். அந்த விடயத்தில் நிம்மதி. ஜப்பானில் யோமியுரி அணிக்கு அடித்த கஸுமா ஒகமோட்டோ நான்கு ஆண்டுக்கு வந்திருக்கிறார். அங்கே அடித்தவர் இங்கே அடிப்பாரா என்பதற்கு நாங்கள் எல்லோரும் ஒரு பதில் வைத்திருக்கிறோம், நாங்களும் அங்கே ஒரு வேலை செய்து இங்கே வேறு வேலை செய்தவர்கள் என்பதால். அவருக்குக் கொஞ்சம் தவணை கொடுக்கவேண்டும்.

பந்துவீச்சில்தான் எனக்கு நம்பிக்கை. டிலன் சீஸுக்கு ஏழு ஆண்டுக்கு 210 மில்லியன். சென்ற ஆண்டு ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்கவிடாமலே ஆளை வெளியேற்றுவது, 215 எடுத்தார், ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 4.55 ஓட்டமும் கொடுத்தார். பொருளாளர் இரண்டாவது எண்ணை மட்டும் வாசிக்கிறார், மாஸ்டர் முதலாவதை மட்டும். கொரியாவில் அந்த ஆண்டின் சிறந்த வீரரான கோடி பொன்ஸ் வருகிறார். டைலர் ரொஜர்ஸ் மாலிங்கவுக்கும் கீழேயிருந்து, குளத்தில் ஓட்டுக்கல் எறிவதுபோல் வீசுபவர். அவரைப் பார்த்து மண்டபத்தில் கிழவர்கள் எல்லோரும் கையைச் சுழற்றிப் பார்த்ததில் ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக ட்ரே யெசாவேஜ். 22 வயது. சென்ற சீசனை அடிமட்ட அணியில் தொடங்கி, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸ்காரரை 12 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், ஒருவருக்குக்கூட முதல் பேஸுக்கு இலவச நடை கொடுக்கவில்லை. இந்தப் பெடியன் ஒரு முழு ஆண்டு வீசினால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க நான் என் சொந்தக் காசில் போவேன்.

பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. போன ஆண்டு ஒரே ஒரு ஆட்டம் மாறியிருந்தால் பிரிவு யாங்கீஸுக்கு. டொட்ஜர்ஸ் போதாதென்று கைல் டக்கரையும் 240 மில்லியனுக்கு எடுத்துவிட்டது. அவரை நாங்களும் எதிர்பார்த்தோம். இன்னொன்று, மாஸ்டரே எழுப்பியது: வீரர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்குமான ஒப்பந்தம் இவ்வாண்டு டிசம்பர் 1 உடன் முடிகிறது. 1994 வேலைநிறுத்தத்தில் உலகத் தொடரே நடக்காமல் போனது. இரண்டு கிண்ணம் எடுத்த கையோடு வந்த அந்த நிறுத்தத்துக்குப் பிறகு ரொறன்ரோ பிளேஓஃப் பார்க்க 21 வருடம் பிடித்தது. 2027 என்னவாகும் என்று தெரியாதபோது 2026 இல் போகாமல் எப்போது போவது என்பது அவருடைய வாதம். நான் சாய்ந்தது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு சிறியது, கடன் இல்லை. மண்டபத்தில் கெற்றில் ஒன்று பழுது. இரவல் வாங்கிய ஆறு கதிரைகளில் ஐந்துதான் திரும்பின. ஆறாவது யாருடைய வீட்டு பல்கனியில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

எனவே செயலாளரின் பரிந்துரை: மூன்று ஆட்டங்கள். ஒன்று ஏப்ரலில், குளிரென்றாலும் மைதானக் கூரை மூடியிருக்கும். ஒன்று ஜூலையில், செவ்வாய் தவிர்ந்த ஒரு நாள், மரக்கறி ரோல்ஸை இங்கிருந்தே பொதிசெய்து கொண்டுபோவதாக. ஒன்று செப்டெம்பர் கடைசி வாரத்தில், யார் எங்கே நிற்கிறோம் என்று தெரியும் நேரம். அந்த மூன்றாவது ஆட்டத்தில் 14ஆம் மாடி ஐயாவின் மகனுக்கு ஒரு இடம் சங்கம் சார்பில் இலவசமாக வழங்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு பேஸ்போல் பிடிக்காது என்று தெரியும். கேட்டேன், வருகிறேன் என்றார்.

தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கையை உயர்த்தவும். தேத்தண்ணி வேண்டியவர்கள் தயவுசெய்து வாயால் சொல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்
ஸ்காபரோ, பெப்ரவரி 2026