சவானா நகரின் இரவு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரில் பேய்க்கதை நடைச் சுற்றுலா நடத்தும் வழிகாட்டிகளுக்கு வணக்கம்.

சென்ற அக்டோபரில் அடுத்தடுத்து மூன்று இரவுகள் பணம் கட்டி உங்களோடு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. கருவாலி மரங்களிலிருந்து பாசி சடைசடையாகத் தொங்கும் அந்தச் சதுக்கங்களில், கையில் விளக்குடன் நீங்கள் குரலைத் தாழ்த்திக் கதை சொன்னபோது நானும் மெய்சிலிர்த்தேன். ஆகையால் இந்தச் சுற்றுலாக்களை நிறுத்துங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. செத்தவர்களைப் பற்றிப் பேசுவதை ஒரு நகரம் தொழிலாக வைத்துக்கொள்ளும்போது, அந்தச் செத்தவர்களுக்கு அது என்ன கடன்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

ரைட் சதுக்கத்தில் ஆலிஸ் ரைலியின் ஆவி தன் குழந்தையைத் தேடி அலைவதாகச் சொன்னீர்கள். அவர் உண்மையில் வாழ்ந்தவர். அயர்லாந்திலிருந்து ஒப்பந்த ஊழியத்துக்கு வந்து, எஜமானரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, பிள்ளை பெறும்வரை தண்டனை தள்ளிவைக்கப்பட்டு, 1735 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். வயிற்றுப்பிள்ளைக்காகக் காத்திருந்து தாயைத் தூக்கிலிட்ட சட்டத்தைவிடவா அந்த ஆவி அச்சமூட்டுகிறது? ஒப்பந்த ஊழியம் என்றால் என்ன, அந்தக் குடியேற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால், கேட்டவர்கள் அன்றிரவு வேறுவிதமாக உறக்கம் இழந்திருப்பார்கள்.

அதே சதுக்கத்தில் இன்னொருவர் அடக்கம் செய்யப்பட்டார். ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஆங்கிலேயர் ஓகல்தார்ப் 1733-இல் குடியேறிகளோடு வந்திறங்கியபோது ஊர் அமைக்க இடம்கொடுத்த யமக்ரா என்னும் பூர்வகுடி மக்களின் தலைவர் டோமோச்சிச்சி. 1739-இல் அவர் இறந்தபோது ஓகல்தார்ப்பே சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ஆனால் 1883-இல், இரயில் நிறுவனத் தலைவர் ஒருவருக்கு நினைவுத் தூண் எழுப்ப அந்தச் சமாதி மேடு கலைக்கப்பட்டது. பிறகு 1899-இல் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு கருங்கல் பாறையை வைத்துப் பரிகாரம் தேடினார்கள். நான் வந்த மூன்று இரவுகளில் இரண்டில், அந்தப் பாறையைக் கடந்து நடந்தோமே தவிர அதன் முன் நிற்கவில்லை.

என்னை இந்த மடல் எழுத வைத்தது வேறொரு இடம். ஒரு பழைய மாளிகையின் முன் நிறுத்தி, அங்கே அடிமையாக இருந்த இளம்பெண் ஒருத்தி எஜமானரால் சீரழிக்கப்பட்டுத் தூக்கில் தொங்கியதாக வழிகாட்டி விரித்துச் சொன்னார். அவள் அழகையும், கயிற்றையும், அறையையும்கூட வருணித்தார். இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டேன். கேட்டுவந்த கதை என்றார். பிறகு நான் தேடிப் பார்த்த எதிலும் அப்படியொரு பெண் இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. இல்லாத ஒருத்திக்கு ஒரு கொடூரச் சாவைக் கற்பித்து, அதைக் கேளிக்கையாக விற்பது, உண்மையில் அப்படித் துன்பப்பட்ட பெண்களையும் கற்பனைப் பாத்திரங்களாக்கிவிடுகிறது.

சவானாவில் உண்மைக்கா பஞ்சம்? 1859 மார்ச் 2, 3 ஆகிய இரு நாட்களில், பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளியின் கடனை அடைப்பதற்காக, நகருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில் நானூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் கொட்டும் மழையில் ஏலம் விடப்பட்டார்கள். அவர்களின் சந்ததியார் அந்த நாட்களை 'அழுகையின் காலம்' என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வழித்தடத்திலேயே இருக்கும் டெய்லர் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியிலும் அதைச் சுற்றியும் அடிமைப்படுத்தப்பட்டோரின் பழைய இடுகாடு இருக்கிறது. அடிமைமுறையை நன்மை என்றே வாதிட்ட முன்னாள் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் கால்ஹூனின் பெயரை அந்தச் சதுக்கம் நெடுங்காலம் தாங்கியிருந்தது. நகர மன்றம் 2023 ஆகஸ்டில் அதற்கு சூசி கிங் டெய்லரின் பெயரைச் சூட்டியது. அடிமையாகப் பிறந்த அவர், கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவு தடைசெய்யப்பட்டிருந்த இதே நகரில், காவலர் கண்ணில் படாதபடி புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு பெண்மணியின் வீட்டு இரகசியப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர். பின்னாளில் உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் ஆசிரியையாகவும் செவிலியாகவும் பணிபுரிந்தவர்.

பேய்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்தின் அடிமைக் குடியிருப்பில், மேற்கூரையின் உட்புறம் பூசிய வெளிர்நீலச் சாயம் இன்றும் தெரிகிறது. தீய ஆவிகள் அண்டாதிருக்க அந்த நிறத்தைப் பூசுவது, இந்தக் கடலோரத்தில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கை. எந்த ஆவியைவிடவும் கொடியவர்கள் அடுத்த கட்டடத்தில் உறங்கிக்கொண்டிருக்கையில், தங்கள் தலைக்குமேல் அந்த நீலத்தைப் பூசியவர்கள் எதற்கெல்லாம் அஞ்சியிருப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாமே.

வழிகாட்டிகள் வரலாற்றுத் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும் என்ற விதி முன்பு அங்கே இருந்தது. பேச்சுரிமை வழக்குக்குப் பின் நகரம் 2015-இல் அதைக் கைவிட்டது. அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2019-இல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியென்றே நானும் கருதுகிறேன். எதைப் பேசலாம் என்று அரசு முடிவு செய்யக்கூடாது. ஆனால் தேர்வு போய்விட்டதனால் பொறுப்பு முழுவதும் உங்கள் நாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே நான் கேட்பது சிறிது: ஒவ்வொரு கதையிலும் எது பதிவில் உள்ளது, எது செவிவழி வந்தது என்று வாய்திறந்து சொல்லுங்கள், உண்மையில் வாழ்ந்தவரின் பெயர் தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

வரும் அக்டோபரில் பன்னிரண்டு வயது மகளுடன் மீண்டும் வருகிறேன். டெய்லர் சதுக்கத்தில் விளக்கைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தில் சுற்றிய அந்தப் புத்தகங்களின் கதையை அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்களோடு நடந்த ஒருத்தி