யோவான் நற்செய்தியில் 'யூதர்' யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புனித வெள்ளியையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதுமே பொறுப்பு என்று கூறி, அதற்கு, இயேசுவின் வாழ்வைக் கூறும் நான்கு நற்செய்தி நூல்களுள் ஒன்றான யோவான் நற்செய்தியைச் சான்று காட்டியிருந்தது. அந்நூல் எழுந்த காலத்தை மறந்து வாசித்தால் அப்படித்தான் தோன்றும். நூலின் வரிகளோ அதற்கு இடம் தரவில்லை.

மற்ற மூன்று நற்செய்திகள் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இடங்களில் மட்டுமே காணப்படும் 'யூதர்' என்ற சொல், யோவானில் ஏறத்தாழ 70 முறை வருகிறது. அதன் கிரேக்க மூலம் யூத மக்களையும் குறிக்கும், யூதேயா நாட்டாரையும் குறிக்கும். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவர் நலம் பெறும் 9ஆம் அதிகாரத்தில், அவருடைய பெற்றோர் யூதருக்கு அஞ்சி நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று படிக்கிறோம். அந்தப் பெற்றோரும் யூதர்களே! 11ஆம் அதிகாரத்திலோ, சகோதரனை இழந்த மார்த்தாவிடமும் மரியாவிடமும் துக்கம் விசாரிக்க வந்தவர்களை இதே சொல் குறிக்கிறது. ஆகவே 9ஆம் அதிகாரத்தில் அது சுட்டுவது தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களைத்தான்.

இயேசுவை மெசியா, அதாவது யூதர் எதிர்பார்த்திருந்த மீட்பர், என்று ஏற்பவரை யூதரின் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவைப்பது என்ற முடிவே அப்பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம். ஊர்விலக்கம் என்றால் என்னவென்று அறிந்த நமக்கு அதன் கடுமை புரியும். அறிஞர் பலர் இதில் முதல் நூற்றாண்டின் இறுதிக் காலத்து அனுபவத்தையே காண்கின்றனர். கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமைப் படை எருசலேம் கோவிலை அழித்தபின், பலியும் குருத்துவப் பணியும் நின்றுபோன நிலையில், மோசேயின் மரபுக்கு உண்மையான வாரிசு யார் என்ற வழக்கு யூதர்களுக்குள்ளேயே எழுந்தது. இயேசுவை ஏற்ற யூதர்களும் அதில் ஒரு தரப்பு. யூத சமய ஆசான்களான ராபிகள் ஒரே ஆணையால் அவர்களை வெளியேற்றினர் என்ற பழைய கருத்தை இன்று பலர் ஏற்பதில்லை. பிரிவு ஊருக்கு ஊர் வேறுபட்டு, மெல்ல நிகழ்ந்திருக்க வேண்டும். உடன்பிறந்தாரின் சண்டையில் சொற்கள் சுடுவது இயல்பு. அச்சொற்களைப் பின்னாளில் யூதரல்லாத கிறிஸ்தவர்கள் தமதாக்கிக்கொண்டபோதுதான் அவை ஓர் இனத்தின் மீதான பழியாயின.

சிலுவைச் சாவு உரோமைத் தண்டனை. தீர்ப்பளித்தவர் ஆளுநர் பிலாத்து. கோவில் நிதியை எடுத்து நீர்க்கால்வாய் அமைத்ததை எதிர்த்த கூட்டத்தின் மீது வீரர்களை ஏவி அடிக்கச் செய்தவர் அவர் என யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். நற்செய்தியில் பிலாத்து தயங்கித் தயங்கிப் பேசுவதை, உரோமை ஆட்சியின்கீழ் வாழ்ந்தவர்கள் எழுதியது என்ற நினைவோடுதான் படிக்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை உணரவே நெடுங்காலம் ஆயிற்று. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துரைத்த அடைமொழியைத் திருத்தந்தை 23ஆம் யோவான் நீக்கியது 1959இல். இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்தலாகாது என உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல். மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது என்று சமாரியப் பெண்ணிடம் இயேசு கூறுவதும் இதே யோவான் நற்செய்தியில்தான், 4ஆம் அதிகாரத்தில். அந்த வரி தங்கள் கட்டுரையில் இடம்பெறவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை